பயணியும் பந்தியும்

பயணம் செல்வோர் கோட்டைகளையும் கோபுரங்களையும் கண்டு, நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். ஓர் ஊரின் வரலாறு அதன் அடுக்களையிலும் எழுதப்பட்டிருக்கிறது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பண்டைத் தமிழ்ப் புலவர் இதனை நன்கறிந்திருந்தனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் 500 அடிகளில் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சி நோக்கிச் செல்லும் பாணனுக்கு வழி கூறும் நூலாகும். வழியிலுள்ள மக்களை அப்புலவர் அவர்தம் உணவைக் கொண்டும் அறிமுகம் செய்கிறார். எயினர் குடியில் செந்நெற் சோறும் உடும்பின் பொரியலும், ஆயர் குடியில் தினைச்சோறும் பாலும், உழவர் இல்லத்தில் வெண்ணெற் சோறும் கோழிக் கறியும் கிடைக்கும் என்கிறார். நிலமும் தொழிலும் மாற மாற, உண்கலத்தில் விழுவதும் மாறுகிறது. அந்தந்தக் குடியினர் இடுவதை உண்டே பாணன் அந்தந்த நிலத்தை அறிகிறான்.

இக்காலத்திற்குப் பினாங்கை எடுத்துக்காட்டாகக் கூறலாம். அங்குப் புகழ்பெற்ற உணவு ‘நாசி கண்டார்’. மலாய் மொழியில் ‘நாசி’ என்பது சோறு. ‘கண்டார்’ என்பது நம் காவடித்தண்டு போன்று தோளில் சுமக்கும் தண்டு. தமிழகத்திலிருந்து சென்ற முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் தண்டின் இருபுறமும் தொங்கவிட்டுச் சுமந்து, துறைமுகத் தொழிலாளர்க்கு விற்ற வரலாறு அப்பெயரிலேயே உறைந்திருக்கிறது. மலாய் மொழியின் ‘கெடாய்’ நம் ‘கடை’யே. கடைக்காரரைக் குறிக்கும் ‘மாமாக்’ என்னும் வழக்கு நம் ‘மாமா’விலிருந்து வந்தது. இடியாப்பம் அங்கே ‘புத்து மாயம்’ என்னும் பெயரில் தேங்காய்த் துருவலோடும் சர்க்கரையோடும் உண்ணப்படுகிறது. சீனரின் நூடுல்ஸைத் தமிழ் முஸ்லிம்கள் தம் கைப்பக்குவத்தில் வறுத்தெடுக்க, அது ‘மீ கோரெங் மாமாக்’ ஆயிற்று. ஒரு தட்டில் மூன்று இனங்களின் உறவைக் காண்கிறோம். பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 2024-இல் மலேசியாவின் காலையுணவுப் பண்பாடும் அவ்வமைப்பின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. கட்டடத்துக்கு நிகராக உணவும் மரபுச் செல்வமே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆயினும், இத்தகைய ஊர்களுக்குச் செல்லும் நம் சுற்றுலாக் குழுக்கள் பல, சமையற்காரரையும் உடன் அழைத்துச் செல்கின்றன. ‘மூன்று வேளையும் நம் ஊர்ச் சாப்பாடு’ என்பதே அவற்றின் விளம்பரம். ஆயிரம் கல் கடந்தும் நாம் நம் வீட்டு வாசலைத் தாண்டவில்லை என்பதன்றி இதற்கு வேறென்ன பொருள்?

மார்க்கம் வகுத்த ஹலால் வரம்பும், சைவர்தம் நோன்பும், மருத்துவர் விதித்த பத்தியமும் மதிக்கத்தக்கவையே. அவை உள்ளூர் உணவுக்குத் தடையாக வேண்டுவதில்லை. ‘இதில் என்ன சேர்ந்திருக்கிறது?’ என்று சமைத்தவரிடம் கேட்பதே நல்லதோர் உரையாடலின் தொடக்கமாகும். நாம் குறை கூறுவது, ‘இதையெல்லாம் மனிதர் உண்பரோ?’ என்னும் முகச்சுளிப்பையே. உணவை இகழ்பவர் உண்பவரை இகழ்கின்றனர். வகுப்பறையில் அருகிருக்கும் மாணவரின் சோற்றுப் பெட்டியைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொள்ளும் பழக்கமும் இம்மனத்திலிருந்தே பிறக்கிறது. அப்பெட்டியை மறைத்து வைத்து உண்ணும் பிள்ளையின் மனப்புண் எளிதில் ஆறுவதன்று.

ஆதலின், கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கல்விச் சுற்றுலாவில் நாள்தோறும் ஒரு வேளையேனும் அவ்வூர் மக்கள் உண்ணும் கடையில், அவரவர் வரம்புக்குட்பட்டு மாணவர் உண்ணட்டும். உணவின் பெயர், சேர்பொருள், செய்முறை, அதனோடு வழங்கும் சொற்கள் ஆகியவற்றைச் சமைத்தவரிடமே கேட்டு எழுதி வரட்டும். அக்குறிப்பேட்டுக்கும் மதிப்பெண் வழங்குவோம். பிறர் பந்தியில் மதிப்போடு அமரப் பழகிய மாணவர், நாளை தம் பந்தியில் பிறர்க்கும் இடமளிப்பர்.