பொட்டலம் கட்டும் கைக்குப் பொறுப்பு உண்டு



மளிகையோடு நாட்டு மருந்துச் சரக்கும் வைத்து வியாபாரம் செய்வது நமக்குப் புதிதல்ல. சுக்கு, திப்பிலி, அதிமதுரம், சித்தரத்தை இல்லாத மளிகைக் கடை ஏது? சரக்கைச் சரக்காக நிறுத்துக் கொடுக்கும்வரை நாம் வியாபாரிகள். "சர்க்கரைக்கு ஒரு பொடி போட்டுக் கொடுங்கள்" என்று கேட்பவருக்கு நாலைந்து சரக்கைச் சேர்த்து அரைத்துக் கொடுத்த நிமிடமே நாம் மருந்து கலப்பவர்களாகி விடுகிறோம். இந்த வித்தியாசத்தை நம்மவர்கள் பலர் உணர்வதில்லை என்பதே என் வருத்தம்.

சென்ற ஆண்டு என்னிடம் சரக்கெடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். அவர் கடையில் பொடி வாங்கிய பெரியவர், டாக்டர் கொடுத்த மாத்திரையோடு அதையும் சாப்பிட்டு, சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயங்கி விழுந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் கேட்டது ஒரே கேள்வி: "இதில் என்னென்ன, எவ்வளவு?" பொட்டலத்தில் ஒரு எழுத்து இல்லை. பொடி போட்ட பையனுக்கும் அளவு நினைவில்லை. பெரியவர் பிழைத்துக்கொண்டார். நம் நண்பருக்கு ஒரு வாரம் தூக்கம் இல்லை.

மருந்து கலப்பது கெட்ட காரியமன்று. அந்நாளில் டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்துக் கம்பவுண்டர் மிக்சர் கலந்து, வேளைக்கு எவ்வளவு என்று காட்டப் படிபோல் வெட்டிய காகிதத்தைப் பாட்டிலில் ஒட்டிக் கொடுத்ததை என் வயதுக்காரர்கள் அறிவார்கள். இன்றும் மாத்திரை விழுங்க முடியாத குழந்தைக்கும், மருந்தில் சேரும் சாயம் ஒத்துக்கொள்ளாதவருக்கும் தனியாகக் கலந்து கொடுக்கவேண்டிய தேவை உண்டு. ஆனால் ஆலையில் தயாரிக்கும் மருந்துக்குத் தொகுதிவாரியாகச் சோதனை உண்டு. ஒருவருக்கென்று கலக்கும் மருந்துக்கு அது இல்லை. கலப்பவரின் படிப்பும் நாணயமும்தான் காப்பு. ஆகவேதான் டாக்டர் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுக்கும் உரிமையை 1948ஆம் ஆண்டு மருந்தாளுநர் சட்டம் பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு மட்டும் கொடுத்தது. சித்த, ஆயுர்வேத மருந்தை விற்பனைக்குத் தயாரிக்க லைசென்ஸ் வேண்டும். வைத்தியர் தம் நோயாளிக்குத் தயாரிக்க விலக்கு உண்டு. மளிகைக்காரருக்கு அந்த விலக்கு இல்லை.

சிறிதாகத் தொடங்குவது எங்கே முடியும் என்பதற்கு 2012இல் அமெரிக்காவில் நடந்ததே சாட்சி. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சீட்டுக்கு மருந்து கலக்க அனுமதி பெற்ற மருந்தகம் ஒன்று, ஊசி மருந்தை மொத்தமாகத் தயாரித்துப் பல மாநிலங்களுக்கு அனுப்பியது. அதில் பூஞ்சை கலந்திருந்தது. 750 பேருக்கு மேல் நோயுற்றனர். 60 பேருக்கு மேல் மாண்டனர். ஒருவருக்குப் போட்ட பொடி நன்றாக இருந்ததென்று இருபது பொட்டலம் கட்டித் தொங்கவிடும் நம் வழக்கமும் இதே பாதைதான்.

மாற்றுச் சரக்கு போடுவது இன்னொரு தவறு. கடைத்தெருவில் பட்டை என்று விற்பது பெரும்பாலும் தடித்த காசியா பட்டை என்பது நமக்குத் தெரியும். பிரியாணிக்கு அதனால் மோசமில்லை. அதில் கூமரின் என்ற பொருள் அதிகம். மருந்தென்று தினமும் அதிகமாகச் சாப்பிட்டால் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். வைத்தியர் மெல்லிய சுருள் பட்டை எழுதியிருந்தால் அதையே கொடுக்கவேண்டும்; இல்லையென்றால் இல்லையென்று சொல்லவேண்டும். அதிமதுரத்துக்குப் பதில் குன்றிமணி வேரைத் தள்ளிவிடுவதும் இந்த ரகந்தான். சேராங்கொட்டை, எட்டி, நாபி, நேர்வாளம் ஆகியவை சட்டத்தின் நச்சுப் பட்டியலிலேயே உள்ளவை. முறைப்படி சுத்தி செய்யத் தெரிந்த வைத்தியர் கைக்கன்றி வேறெங்கும் போகக்கூடாது.

நம் சங்கத்தார்க்கு என் யோசனை இதுதான். வைத்தியர் சீட்டு இருந்தால் சரக்கைத் தனித்தனியாக நிறுத்து, ஒவ்வொன்றிலும் பெயர், எடை, தேதி எழுதிக் கொடுப்போம். மருந்துச் சரக்குக்குத் தராசும் அளவையும் தனியாக வைப்போம். மிளகாய் அரைத்த இயந்திரத்தில் மருந்தை அரைக்க வேண்டாம். சீட்டில்லாமல் நோயைச் சொல்லிப் பொடி கேட்பவரை வைத்தியரிடம் அனுப்புவோம்.

ஐம்பது ரூபாய் வியாபாரம் போகும். போகட்டும். பொட்டலத்தைப் பிரித்துப் பாராமல் வாயில் போட்டுக்கொள்ளும் அந்த நம்பிக்கைதான் நம் முதல். முதலை இழந்து லாபம் பார்த்த வியாபாரி உண்டா?