பிரேக்கை வித்தைன்னு சொல்லாதீங்க

மக்களே, முதல்ல ஒரு விஷயம். லாங்போர்டுக்குப் பிரேக் கிடையாது. ஒரு பலகை, நாலு சக்கரம், அவ்வளவுதான். சைக்கிள் வாங்கித் தரும்போது பிரேக் பிடிக்குதான்னு ரெண்டு தடவை அழுத்திப் பார்க்கிற நாம, பிறந்தநாளுக்கு லாங்போர்டை ஆர்டர் பண்ணிக் கொடுத்துட்டு, அதை நிறுத்தக் கத்துக்கிற பிள்ளையைப் பார்த்து "இந்த ஸ்டன்ட் வேலையெல்லாம் வேண்டாம்"னு சொல்றோம். இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

நான் இருக்கிற பெங்களூர் அபார்ட்மெண்ட்ல அசோசியேஷன்காரங்க நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. போர்டு ஓட்டலாமாம், ஸ்லைடு பண்ணக்கூடாதாம். தமிழ்ல சொன்னா, ஓட்டலாம், ஆனா நிறுத்தக்கூடாது! நம்ம ஊர்க்கார அப்பா அம்மாக்களும் இதுக்குக் கைதட்டினதுதான் எரிச்சல்.

ஸ்லைடுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. மெதுவாப் போகும்போது ஒரு காலை ரோட்டுல தேய்ச்சு நிறுத்திடலாம். வேகம் ஏறிட்டா, ஒரு காலைத் தூக்கின நிமிஷமே போர்டு ஆட ஆரம்பிக்கும். அப்போ இருக்கிற வழி, போர்டைக் குறுக்கே திருப்பி, சக்கரங்களை உருளவிடாம ரோட்டுல தேய விடறதுதான். 1970கள்ல கலிஃபோர்னியாவின் பெர்க்லி மலைச்சரிவுகள்ல கிளிஃப் கோல்மன் என்பவர் இதை ஒரு முறையா வளர்த்தெடுத்தார். குனிஞ்சு உட்கார்ந்து, கையுறை போட்ட ஒரு கையை ரோட்டுல ஊன்றி, போர்டைத் திருப்பறது. இன்னிக்கும் அதுக்குப் பேரு கோல்மன் ஸ்லைடுதான். மலைச்சரிவுல வேகத்தைக் குறைக்கப் பிறந்த விஷயம் இது. படம் காட்டப் பிறந்தது இல்லை.

"சரிப்பா, அந்த ஒண்ணைக் கத்துக்கட்டும். அதுக்கு மேல எதுக்கு?"ன்னு விவரமா ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். பதில் மூணு.

ஒண்ணு, திசை. இடது காலை முன்னால வெச்சு நிக்கிறவன் குதிகால் பக்கம் ஸ்லைடு போட்டா, போர்டு இடப்பக்கம் திரும்பும், முகம் சரிவைப் பார்த்து இருக்கும். பயம் குறைவு, அதனால எல்லாரும் முதல்ல இதைத்தான் கத்துக்கறாங்க. ஆனா ரோடு வலப்பக்கம் வளைஞ்சா? அங்கே விரல் பக்க ஸ்லைடு வேணும். அதுல முதுகு சரிவைப் பார்க்கும், தோளுக்கு மேல எட்டிப் பார்த்துக்கிட்டே போகணும். கஷ்டம்தான். ஆனா அது தெரியாதவன் கையில இருக்கிறது பாதி பிரேக்.

ரெண்டு, இடம். கத்துக்குட்டியோட கோல்மன் ஸ்லைடு ரோட்டுல பாதி அகலத்தைத் தின்னுடும். நின்னுக்கிட்டே போடற ஸ்டாண்டப் ஸ்லைடு நல்லாப் பழகினவன், தன் பக்கத்தை விட்டு விலகாம, வளைவுக்கு முன்னாடியே லேசா ஒரு தேய் தேய்ச்சு வேகத்தைக் குறைச்சுட்டு நேராத் திரும்பிடுவான். தலை நிமிர்ந்திருக்கிறதால முன்னால வர்ற வண்டியும் கண்ணுல படும்.

மூணு, மீள்றது. போர்டு முழுசாத் திரும்பிட்டா, பின்னங்கால் முன்னங்கால் ஆயிடும். அந்த நிலையில ஓட்டத் தெரியாதவன் அடுத்த பத்தடியில விழுவான். திருப்பி அதே வழியில போர்டைக் கொண்டு வர்ற பெண்டுலம் ஸ்லைடும், ரெண்டு காலாலயும் ஓட்டற பழக்கமும் இதுக்குத்தான். வீடியோவுல பார்க்க அழகா இருக்கிறதால இதையெல்லாம் வித்தைன்னு சொல்லிட முடியாது.

இப்போ பசங்க பக்கம் வருவோம், அவங்களையும் சும்மா விடப் போறதில்லை :-) முப்பது நொடி வீடியோ பார்த்துட்டு, கையுறை இல்லாம நேரா ஸ்டாண்டப் ஸ்லைடுக்குப் போற கூட்டம் ஒண்ணு இருக்கு. வாரத்துக்கு ரெண்டு நாள் காசு கட்டிப் பரதநாட்டியம் அனுப்பற குடும்பங்கள் நாம. தட்டடவு ஒழுங்கா வராத பிள்ளையை எந்த டீச்சராவது அரங்கேற்றத்துக்கு ஏத்துவாங்களா? கை ஊன்றின ஸ்லைடு ரெண்டு பக்கமும் தண்ணி மாதிரி வந்தப்புறம்தான் கையை எடுக்கணும். சக்கரம் விஷயத்துலயும் அப்படித்தான். 78ஏ மாதிரி மென்மையான, விளிம்பு கூர்மையான சக்கரம் ரோட்டைப் பிடிச்சுக்கும், திடீர்னு விடும். பழகறதுக்குக் கொஞ்சம் கெட்டியான, விளிம்பு உருண்ட சக்கரம் நல்லது. போர்டைச் சரியாக் குறுக்கே வெச்சு அப்படியே பிடிச்சா, சக்கரம் ஒரே இடத்துல தேய்ஞ்சு தட்டையாகி 'டக டக'ன்னு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டா, கோணம் இன்னும் கைக்கு வரலைன்னு அர்த்தம்.

செலவுக்குப் பயப்படறவங்களுக்கு ஒரு சேதி. கையுறையில ஒட்டற அந்தப் பிளாஸ்டிக் வில்லையை, காய் நறுக்கற பழைய பிளாஸ்டிக் பலகையை வெட்டியே செய்யறவங்க உலகம் பூரா இருக்காங்க. ஹெல்மெட்லயும் முட்டிக் காப்புலயும் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

"ஒலிம்பிக்ல இருக்கா?"ன்னு கேக்கற மாமாக்களுக்கு: ஸ்கேட்போர்டு 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ல சேர்ந்தது, ஆனா ஸ்ட்ரீட், பார்க் ரெண்டு பிரிவு மட்டும்தான். மலைச்சரிவு ஸ்லைடுக்கு அங்கே பதக்கம் கிடையாது. பொய் சொல்லி உங்களைச் சம்மதிக்க வைக்க எனக்கு இஷ்டம் இல்லை. பதக்கம் வராட்டி என்ன, முழங்கால் முழுசா இருந்தாப் போதாதா?

தடை போட்டா என்ன ஆகும்? போர்டு பரண் மேல போகாது. கேட்டுக்கு வெளியே போகும், தண்ணி லாரி ஓடற ரோட்டுக்குப் போகும். வளைவுல யாரும் காவல் நிக்க மாட்டாங்க, விழுந்தா தூக்கவும் ஆள் இருக்காது.

அதனால என் கோரிக்கை இதுதான். ஞாயித்துக்கிழமை காலை ஆறுலேருந்து எட்டு வரைக்கும் வளாகத்துக்குள்ள இருக்கிற சரிவு ரோட்டை வண்டிகளுக்கு மூடுங்க. மேலே ஒரு பெரியவர், கீழே ஒரு பெரியவர் நிக்கட்டும். ஹெல்மெட்டும் கையுறையும் இல்லாதவனை வீட்டுக்கு அனுப்புங்க. மத்தவங்க தேய்க்கட்டும், விழட்டும், எழுந்து திரும்பத் தேய்க்கட்டும். இது முடியாதுன்னா, போர்டை வாங்கியே தராதீங்க. வாங்கிக் கொடுத்துட்டு நிறுத்தக் கத்துக்காதேன்னு சொல்றது மட்டும் வேண்டாம் சாமி.