மருந்தோடு முடிந்துவிடாத காசநோய்

சென்னைப் புறநகர் ரயிலில் தாம்பரத்துக்கு முந்தைய நிறுத்தத்தின் பெயர் 'தாம்பரம் சானடோரியம்'. அன்றாடம் அவ்வழியே பயணிப்போரில் பலர் அந்தப் பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில், ஓய்வு, தூய காற்று, சத்தான உணவு ஆகிய மூன்றையும் சிகிச்சையாக அளித்த இல்லங்களே சானடோரியங்கள். உலகெங்கும் அவற்றின் காலத்தை முடித்து வைத்ததில் சென்னையில் நடந்த ஓர் ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த ஆய்விலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடத்தில் ஒரு பாதி விடுபட்டுப்போனது. அதன் விலையை ஏழை நோயாளிகள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொடுத்து வருகிறார்கள்.

1956-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாகாண அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை இணைந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். அங்கு நடந்த முதல் ஆய்வின் கேள்வி எளிமையானது: ஒரே மருந்தை ஓராண்டு உட்கொள்ளும் இரு பிரிவினரில், சானடோரியத்தில் தங்குவோருக்கும் வீட்டில் இருப்போருக்கும் குணமடைவதில் வேறுபாடு உண்டா?

வீட்டிலிருந்தவர்கள் நெரிசல் மிகுந்த குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள். அவர்களுக்குச் சானடோரியத்தில் கிடைத்த ஓய்வும் இல்லை. அங்கு பரிமாறப்பட்ட உணவும் இல்லை. ஆயினும் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தினருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பதும் பின்னர் உறுதியானது. 1959-இல் வெளியான இந்த முடிவு உலகின் காசநோய்க் கொள்கையையே மாற்றியது. படுக்கைக்குக் காத்திருக்கத் தேவையின்றி, லட்சக்கணக்கானோர் வீட்டிலிருந்தபடியே மருந்து பெற வழி பிறந்தது. இருபதாம் நூற்றாண்டில் இந்திய மண்ணில் நடந்த மருத்துவ ஆய்வுகளில், உலகுக்கு இந்த அளவுக்குப் பயன்பட்டவை மிகச் சிலவே.

ஆனால், அந்த ஆய்வு கேட்ட கேள்விக்குத்தான் அது விடை சொன்னது. 'வீரியமான மருந்து இருந்தால், உணவு குறைவாக இருப்பவரின் கிருமியையும் அழிக்க முடியும்' என்பதே அதன் செய்தி. 'யாருக்கு இந்த நோய் வருகிறது, ஏன் வருகிறது' என்பதை அது ஆராயவில்லை. எனினும், 'மருந்து போதும். உணவு இரண்டாம்பட்சம்' என்ற எண்ணம் மருத்துவ உலகில் மெல்ல வேரூன்றியது. காசநோய்த் திட்டங்கள் மாத்திரைகளை எண்ணின; நோயாளியின் எடையை எண்ணத் தவறின.

விடுபட்ட கேள்வியைக் கையில் எடுத்த ஆய்வு, 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடந்தது. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் முன்னின்று நடத்திய அந்த ஆய்வில் சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்றது. 2,800 நோயாளிகளும் அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேரும் இதில் சேர்க்கப்பட்டனர். நோயாளிகள் அனைவருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள்கள் தரப்பட்டன. ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தினருக்கும் தரப்பட்டன. வயது வந்தவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, ஊட்டச்சத்து மாத்திரைகள், அவ்வளவே.

2023 ஆகஸ்டில் 'லான்செட்' இதழ்க் குழுமம் வெளியிட்ட முடிவுகளின்படி, உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய, கிருமி உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 விழுக்காடு குறைந்தது.

இத்தகைய விழுக்காடுகளைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். உணவு பெறாத 4,712 பேரில் 122 பேருக்கும், உணவு பெற்ற 5,602 பேரில் 96 பேருக்கும் நோய் வந்தது. அதாவது, ஆயிரத்துக்கு 26 என்பது 17 ஆனது. ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க, ஏறத்தாழ 30 குடும்பங்களுக்கு உணவளிக்க வேண்டும். '39 விழுக்காடு' என்னும்போது தோன்றும் பிரமிப்பு இங்கு சற்று அடங்கலாம். ஆனால், அந்த 30 குடும்பங்களுக்குக் கிடைத்தது பக்கவிளைவுள்ள ஊசியோ மாத்திரையோ அன்று, அரிசியும் பருப்பும். நோய் தடுக்கப்பட்டவர் ஒருவர்தான் என்றாலும், பசி தணிந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர்.

நோயாளிகளைப் பற்றிய கண்டறிதல் இன்னும் அழுத்தமானது. அவர்களில் பத்தில் எட்டுப் பேர் ஊட்டச்சத்துக் குறைபாடு உடையவர்கள். சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் உடல் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடையே இறப்பு அபாயம் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவாக இருந்தது. 40 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 5 விழுக்காடு என்பது இரண்டே கிலோ. எடை கூடியதால் மட்டுமே உயிர் பிழைத்தார்கள் என்று இதைக்கொண்டு அறுதியிட முடியாது. நோய் தணிந்தாலும் எடை கூடும். எனினும், எடை கூடாத நோயாளியை உடனடியாகக் கவனிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையாக இதை ஏற்பதில் தயக்கம் தேவையில்லை.

காசநோய்த் துறையில் அண்மைக்காலக் கண்டுபிடிப்புகளுக்குப் பஞ்சமில்லை. கோவாவில் உருவான, மின்கலத்தில் இயங்கும் 'ட்ரூநாட்' கருவி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிருமியின் மரபணுவைக் கண்டறிகிறது. 2020-இல் உலக சுகாதார அமைப்பு அதை ஏற்றது. மார்பு எக்ஸ்ரே படத்தைக் கணினியே படித்து ஐயத்துக்குரியவர்களைச் சுட்டும் தொழில்நுட்பத்துக்கு 2021-இல் அதே அமைப்பு பரிந்துரை வழங்கியது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு, பெடாகுலின் உள்ளிட்ட நான்கு மருந்துகளை ஆறே மாதங்கள் தரும் முறையில் 89 விழுக்காட்டினர் நலம்பெற்றதாக 2022-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. பழைய முறையில் அது 52 விழுக்காடு மட்டுமே. இந்தியா அந்த முறைக்கு 2024-இல் ஒப்புதல் அளித்தது.

இவை அனைத்தும் வேண்டியவையே. ஆனால், கருவி நோயைக் கண்டுபிடிக்கிறது. மருந்து அதைக் குணப்படுத்துகிறது. நோய் தோன்றும் ஊற்றுக்கண்ணை அடைக்கும் வேலையை உணவு செய்கிறது. தொழில்நுட்பச் செய்திக்குக் கிடைக்கும் வரவேற்பு பருப்புக்குக் கிடைப்பதில்லை என்பதே சிக்கல்.

2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018-இல் இந்தியா இலக்கு வகுத்தது. உலக சுகாதார அமைப்பின் கணக்கின்படி, 2015-இல் ஒரு லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த புதிய நோயாளிகளின் எண்ணிக்கை 2023-இல் 195 ஆகக் குறைந்தது. உலக சராசரியைவிட வேகமான சரிவுதான் இது. ஆயினும், அந்த ஆண்டில் உலகில் காசநோய் கண்டவர்களில் நான்கில் ஒருவர் இந்தியர். இலக்கு இன்னும் எட்டாத் தொலைவிலேயே இருக்கிறது.

நோயாளிகளின் ஊட்டச்சத்துக்கென 2018 முதல் மாதம் ரூ.500 வழங்கி வந்த மத்திய அரசு, 2024 நவம்பரில் அதை ரூ.1,000 ஆக உயர்த்தியது. பாராட்டத்தக்க முடிவு, ஆனால், நாளொன்றுக்கு 33 ரூபாய். அது பெரும்பாலும் வேலையிழந்த குடும்பத்தின் பொதுச் செலவில் கரைந்துவிடும். குடும்பத்தினருக்கும் உணவுப் பொருள் தரலாம் என்று அரசு ஏற்றுக்கொண்டிருந்தாலும், அது கொடையாளர்கள் முன்வந்து நோயாளிகளைத் தத்தெடுக்கும் திட்டத்தின் வழியாகவே நடக்கிறது. கொடையாளர் கிடைத்த ஊரில் உணவு உண்டு. கிடைக்காத ஊரில் இல்லை. ஆய்வு நிறுவிய ஒரு தடுப்பு முறை நல்லெண்ணத்தை நம்பி நிற்பது முறையன்று. தடுப்பூசியை நாம் அப்படி விநியோகிப்பதில்லை.

ஜார்க்கண்டின் வறிய குடும்பங்களில் கிடைத்த பயன் பிற மாநிலங்களில் அதே அளவில் கிடைக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊட்டச்சத்துக் குறைபாடு குறைவாக உள்ள இடத்தில் பயனும் குறையக்கூடும். அதற்கு விடை, எல்லோருக்கும் ஒரே அளவில் தருவதன்று. உயரத்துக்கேற்ற எடையை அளந்து, குறைபாடு உள்ள குடும்பங்களுக்கு முதலில் தருவது. பணமாகத் தருவதே எளிது, பொருளாகத் தந்தால் கசிவு ஏற்படும் என்ற வாதமும் உண்டு. பல மாநிலங்களுக்கு அது பொருந்தலாம். நியாயவிலைக் கடைகள் ஒழுங்காக இயங்கும் மாநிலங்களுக்குப் பொருந்தாது.

தமிழ்நாடு இதில் முன்கை எடுக்க முடியும். 2022 முதல் இங்கு நடைமுறையிலுள்ள 'காசநோய் இறப்பில்லா திட்டம்', நோய் உறுதியானவுடனேயே நோயாளியின் எடை, மூச்சுத்திணறல், ஆதரவின்றி நிற்கும் திறன் ஆகியவற்றைச் சோதித்து, ஆபத்தான நிலையில் உள்ளவர்களை மருத்துவமனையில் சேர்க்கிறது. விலையுயர்ந்த சோதனைகள் ஏதுமின்றி உயிர்காக்கும் வழியை அது காட்டியிருக்கிறது. ஆக, குறைபாடு உள்ளவர் யார் என்ற பட்டியல் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. அரிசியும் நியாயவிலைக் கடையில் விலையின்றிக் கிடைக்கிறது. போதாமல் இருப்பது புரதம். காசநோயாளி இருக்கும் வீட்டின் குடும்ப அட்டைக்கு, சிகிச்சை முடியும்வரை கூடுதல் பருப்பும் எண்ணெயும் விலையின்றி வழங்க ஓர் அரசாணை போதும். நோயாளியின் தனியுரிமையைக் காக்க, காரணம் குறிப்பிடாமல் அட்டையிலேயே ஒதுக்கீட்டை உயர்த்தலாம்.

பள்ளிக்குழந்தைகளுக்கு மதிய உணவளித்து நாட்டுக்கு வழிகாட்டிய மாநிலம் இது. சானடோரியம் தேவையில்லை என்று உலகுக்குச் சொன்ன ஆய்வு நடந்த நகரமும் இங்குதான் இருக்கிறது. அந்தச் சானடோரியங்கள் நோயாளிகளுக்கு அளித்தவற்றில் கட்டடத்தையும் கட்டிலையும் நாம் கைவிட்டது சரி. தட்டில் பரிமாறிய உணவையும் சேர்த்துக் கைவிட்டது பிழை. அதைத் திருத்தத் தேவையான சான்று இப்போது கையில் இருக்கிறது. இனி வேண்டியது முடிவெடுக்கும் மனம் மட்டுமே.