குரலும் பெயரும்



சென்ற திங்கள் எங்கள் ரயில்வே குடியிருப்பில் ஓர் இல்லத்தில் குழந்தையைத் தொட்டிலில் இடும் விழா நடைபெற்றது. நாகபுரியின் வெயிலையும் பொருட்படுத்தாமல் தமிழ்ப் பெண்டிர் பலர் கூடியிருந்தனர். ஒலிபெருக்கியில் திரைப்பாடல் முழங்கிற்று; குழந்தையோ வீறிட்டு அழுதது. "முதலில் அதை நிறுத்துங்கள்" என்று சொல்லிவிட்டு, என் தாயார் தொட்டிற் கயிற்றைப் பற்றிக்கொண்டு தாலாட்டுப் பாடத் தொடங்கினார். அறுபத்தைந்தைக் கடந்த குரல். நடுநடுவே மூச்சு வாங்கியது. ஆயினும் குழந்தை அடங்கிற்று. சூழ நின்ற நாங்களும் பேச்சடங்கி நின்றோம்.

என் மகள் அதனைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டதை நான் கவனித்தேன். அவள் மறுநாளே அதனை இணையத்தில் ஏற்றிவிட்டதை ஒரு வாரம் கழித்துத்தான் அறிந்தேன். "ஒரு பாட்டியின் தாலாட்டு" என்பதே அவள் இட்டிருந்த தலைப்பு. அதற்குள் இரண்டாயிரம் பேருக்கு மேல் கேட்டுவிட்டார்கள்! "என் அம்மாவின் நினைவு வந்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருந்தார். "பாடுவது யார்? எந்த ஊர்ப் பாட்டு?" என்று மற்றொருவர் கேட்டிருந்தார். "கிழவிக்கு வேறு வேலை இல்லையா?" என்று மூன்றாமவர் எழுதியிருந்தார்.

அம்மூன்றில் என் கண்ணில் தைத்தது மூன்றாவது ஒன்றுதான். உடனே நீக்கிவிடும்படி மகளைக் கடிந்துகொண்டேன்.

"பாட்டியின் பெயரைக்கூட நான் போடவில்லையே, அப்பா! யாருக்கு என்ன தெரியப் போகிறது?" என்றாள்.

"பெயரைப் போடாததுதான் நீ செய்த ஒரே நல்ல காரியம்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அன்றிரவு அச்சொல் என்னை உறங்கவிடவில்லை. என் பிழைப்பே பெயரோடும் முகவரியோடும் கட்டுண்டது. பார்சல் அலுவலகத்திற்கு வரும் மூட்டையின் மேல் சீட்டுக் கிழிந்திருந்தால், உள்ளே பட்டே இருந்தாலும் அது கேட்பாரற்ற சரக்குத்தான். மூலையில் கிடந்து தூசி படியும். என் தாயாரின் குரலை அத்தகைய சரக்காக்கி, அதுவே நன்று என்றும் நான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன் அன்றோ?

பெண்ணின் குரலை ஊரார் கேட்கலாம், அவள் பெயரை மட்டும் அறியலாகாது என்னும் இந்த எண்ணம் என்னோடு பிறந்ததன்று. நம் நாட்டில் இசைத்தட்டு வந்த கதையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 1902-ஆம் ஆண்டு கிராமபோன் கம்பெனியார் கல்கத்தாவில் முதன்முதலாகப் பாடல்களைப் பதிவு செய்தபோது, துணிந்து வந்து பாடியவர்களுள் கௌஹர் ஜான் என்னும் அம்மையார் தலையாயவர். ஒரு தட்டில் ஏறக்குறைய மூன்று நிமிடமே இடம். அவ்வளவில் ராகத்தைக் காட்டிப் பாடி முடித்து, இறுதியில் ஆங்கிலத்தில் தம் பெயரையும் உரக்கச் சொல்லிவிடுவார். தட்டுக்களை அச்சிடும் ஆலை ஜெர்மனியில் ஹானோவர் நகரில் இருந்தது. இன்னார் பாட்டு என்று அங்குள்ளோர் அறியும் பொருட்டே அந்த ஏற்பாடு என்பர். காரணம் எதுவாயினும், நூறாண்டு கடந்தும் அந்த அம்மையாரின் பெயர் அவர் வாயாலேயே நம் செவியில் விழுகிறது. குடும்பப் பெண்கள் பாடலாகாது என்றிருந்த காலத்தில், ஆடிப் பாடி வாழ்ந்த பெண் ஒருவர் தம் குரலுக்குத் தாமே சீட்டு ஒட்டினார்!

ஆனால் அதற்கு நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து நிகழ்ந்ததைக் கேளுங்கள். 1949-இல் 'மஹல்' என்னும் ஹிந்திப் படம் வெளிவந்தது. அதன் புகழ்பெற்ற பாடலின் இசைத்தட்டில் பாடியவர் 'காமினி' என்று அச்சிட்டிருந்தார்கள். காமினி என்பது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர்! பாடியவரோ லதா மங்கேஷ்கர். வானொலியில் கேட்டவர்கள் "யார் இவர்?" என்று வினவி எழுதிய பிறகே அவர் பெயர் வெளிப்பட்டது. நாடே போற்றிய குரலுக்கு நேர்ந்தது இது எனில், ஏனையோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இன்று இணையத்தில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. மின்வண்டியில் நிற்கும் இளைஞர் ஒவ்வொருவர் காதிலும் ஏதோ ஒரு பெண் குரல் ஒலிக்கிறது. ஆனால் அரை நிமிடத் துணுக்காக நறுக்கி, நடனத்திற்கும் நகைச்சுவைக்கும் ஒட்டும்போது, முதலில் உதிர்வது பாடியவர் பெயர்தான். பி. சுசீலா அம்மையார் பல இந்திய மொழிகளில் 17,695 பாடல்கள் பாடியுள்ளார் என்று 2016-இல் கின்னஸ் நிறுவனத்தார் கணக்கிட்டுச் சான்றளித்தனர். அவற்றுள் ஒன்றைத் துணுக்காகக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் குடியிருப்புச் சிறுவனை "யார் பாடியது?" என்று கேட்டேன். திரையில் வாயசைத்த நடிகையின் பெயரைச் சொன்னான். காமினி இன்னும் நம்மோடுதான் இருக்கிறாள்!

"பெயர் வெளிப்பட்டால் ஏச்சும் வருமே" என்று கேட்பீர்கள். உண்மையே. ஆடவன் பாடினால் பாட்டைப் பழிக்கிறார்கள். பெண் பாடினாலோ பாட்டை விட்டுவிட்டு வயதையும் நிறத்தையும் உடையையும் பழிக்கிறார்கள். கோவைக்கு அண்மையிலுள்ள அட்டப்பாடி மலைப்பகுதியில் வாழும் இருளர் குலத்து நஞ்சியம்மாளை அறிவீர்கள். 2020-இல் வெளிவந்த 'அய்யப்பனும் கோஷியும்' என்னும் மலையாளப் படத்தில் தம் இருள மொழியிலேயே அவர் பாடிய பாட்டு, படம் வருமுன்பே இணையத்தின் வழியே பரவிற்று. அதற்காக 2022-இல் அவருக்குத் தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, சுருதி சேர்த்துப் பாடப் பயிலாதவருக்கு விருதா என்ற வினா அதே இணையத்தில் எழுந்தது. இசைத்துறையினர் பலரே அவர் பக்கம் நின்று பேசினர். அவர் டில்லிக்குச் சென்று விருதைப் பெற்று வந்தார். ஏச்சுக்கு அஞ்சி அவர் பெயரை மறைத்திருந்தால், ஏசியவர் நாவோ ஓய்ந்திராது. விருதுதான் முகவரியின்றித் திரும்பியிருக்கும்.

அயலூரில் வாழும் நமக்கு இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. வேலூரில் பிறந்து, வங்கியில் பணிபுரிந்து, மணமானபின் பம்பாயில் குடியேறியவர் வாணி ஜெயராம். ஹிந்துஸ்தானி இசை பயிலுமாறு அவரை ஊக்கியவர் அவர் கணவரே. 1971-இல் 'குட்டி' என்னும் ஹிந்திப் படத்தின் வாயிலாக நாடறிந்த பாடகியானார், மும்முறை தேசிய விருது பெற்றார், 2023-இல் மறைந்தார். அவர் புகழுக்கு அவர் திறமே காரணம். எனினும், வீட்டில் ஒருவர் "போய்ப் பாடு" என்று சொன்னதும் சிறிதன்று. என் வீட்டிலோ "நீக்கிவிடு" என்ற சொல்லே ஒலித்தது.

மறுநாட் காலை தாயாரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன்; அந்த ஏச்சையும் படித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

"உன் தாத்தா பேசாத பேச்சையா இவன் பேசிவிட்டான்? அது போகட்டும். பேத்தி என்னைக் கேட்காமல் போட்டாள். நீ என்னைக் கேட்காமல் எடுக்கச் சொன்னாய். ஏண்டா, பாடினது நான்தானே? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா, இரண்டு பேரும்?"

நான் விடையற்று நின்றேன்.

"தாலாட்டிலே மாமன் பெயர் வரும், தாத்தன் பெயர் வரும், குலதெய்வம் வரும். தொட்டிலை ஆட்டுகிறவள் பெயர் வந்து நீ கேட்டிருக்கிறாயா? இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் என் அத்தை. களத்து மேட்டிலே தூளி கட்டி ஆட்டிக்கொண்டே பாடுவாள். அவள் போய் நாற்பது வருஷமாயிற்று. என் பெயரைப் போடுவதானால் அவள் பெயரையும் சேர்த்துப் போடச் சொல். இல்லையென்றால் எடுத்துவிடச் சொல்."

ஆண்டுதோறும் எங்கள் குடும்பத்தில் முன்னோருக்குப் படையல் இடுகிறோம். அதில் அந்த அத்தைப் பாட்டியின் பெயர் ஒருநாளும் ஒலித்ததில்லை. முப்பத்தெட்டு வயதில் அன்றுதான் அப்பெயரை முதன்முதலாகக் கேட்டேன்.

இப்போது அந்தத் தாலாட்டின் கீழே இரு பெயர்களும் ஓர் ஊர்ப் பெயரும் உள்ளன. ஏசுவோர் எழுதவியலாதபடி கருத்துரைப் பகுதியை என் மகள் அடைத்துவிட்டாள். அதுவும் பாட்டியைக் கேட்டுத்தான்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் ஒரு தாயோ பாட்டியோ அடுக்களையில் தனக்குள் முணுமுணுத்துப் பாடுபவர் இருக்கக்கூடும். பதிவு செய்யுங்கள். ஆனால் முதலில் அவரைக் கேளுங்கள். அவர் இசைந்தால் பெயரோடு வெளியிடுங்கள். இசையாவிடில் வீட்டிலேனும் பெயரெழுதிப் போற்றி வையுங்கள்.

இப்பத்தியைத் தாயாருக்குப் படித்துக் காட்டி, "உங்கள் பெயரை இதிலும் எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"இது நீ எழுதினது, உன் பெயரையே போட்டுக்கொள். என் பெயர் என் பாட்டுக்குக் கீழே இருந்தால் போதும்" என்றார்.