பாடகர் போனார், குழல் போகவில்லை!

அமெரிக்காவில் உள்ள பெரிய நகரங்களில் ஒன்று, சிகாகோ. அந்த நகரத்தின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட ஓர் இசைக்குழு உண்டு.

அந்தக் குழு 1967-ம் ஆண்டில் பிறந்தது. 2024-ம் ஆண்டிலும் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்தது.

அரை நூற்றாண்டுக்கு மேல்! அண்ணன் தம்பிகள்கூட இத்தனை காலம் சேர்ந்து தொழில் செய்வது அரிது. பணமும் புகழும் வந்து குவிகிற இடத்தில், இந்தக் குழு மட்டும் எப்படி உடையாமல் நின்றது?

உடையாமல் நிற்கவில்லை. பல முறை உடைந்தது. உடைந்தும் நின்றது. அதுதான் கவனிக்க வேண்டிய செய்தி.

மூன்று குழல்கள்

கல்யாண ஊர்வலத்தில் பாண்டு வாத்தியக்காரர்கள் ஊதுகிறார்களே, பளபளக்கும் பித்தளைக் குழல்கள்? அவற்றில் ஒன்று டிரம்பெட். இன்னொன்று, முன்னும் பின்னும் இழுத்து ஊதுகிற டிராம்போன். வளைந்த வாயுடையது சாக்சபோன்.

அந்தக் காலத்தில் 'ராக்' இசை என்றால் கிட்டார்தான் ராஜா. குழல்கள் இருந்தாலும் பின்னால் நிற்கும். பாடகர் மூச்சு வாங்கும்போது ஒரு சிறு முழக்கம் செய்துவிட்டு அடங்கிவிடும்.

வால்ட் பராசைடர் என்ற இளைஞருக்கு இது பிடிக்கவில்லை. அவர் சிகாகோவில் உள்ள டீபால் பல்கலைக்கழகத்தில் முறையாகக் கிளாரினெட் கற்றவர். ராக் இசையில் குழலுக்குச் சம ஆசனம் தர வேண்டும் என்பது அவர் ஆசை.

1967 பிப்ரவரியில் நண்பர்களைத் தம் வீட்டுக்கு அழைத்தார். டிரம்பெட் ஊதும் லீ லாக்னேன், டிராம்போன் ஊதும் ஜேம்ஸ் பாங்கோ, கிட்டார் வாசிக்கும் டெர்ரி காத், டிரம் அடிக்கும் டேனி செரபின், பியானோ வகை வாத்தியங்களை வாசிக்கும் ராபர்ட் லாம் ஆகியோர் வந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பீட்டர் செட்டெரா என்ற பாடகரும் சேர்ந்தார். ஆக மொத்தம் ஏழு பேர்.

தலைவர் என்று எவரும் இல்லை. எந்த ஒருவர் பெயராலும் குழு அழைக்கப்படவில்லை. பாட்டு எழுதுவதையும் பாடுவதையும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

பெயர் வந்த கதை

குழுவுக்கு முதலில் வைத்த பெயர் 'தி பிக் திங்'. 1968-ல் ஜேம்ஸ் வில்லியம் குவெர்சியோ என்பவர் இவர்களை லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அழைத்துச் சென்றார். குழுவின் பெயரையும் மாற்றினார். 'சிகாகோ டிரான்சிட் அதாரிட்டி' என்பது புதுப் பெயர். அது சிகாகோ நகரில் பஸ்ஸும் ரயிலும் ஓட்டும் நிறுவனத்தின் பெயர்!

1969-ல் அந்தப் பெயரோடு முதல் இசைத் தட்டு வெளிவந்தது. புதிய குழுக்கள் ஒரு தட்டு வெளியிடவே தயங்கும். இவர்கள் ஒரே உறையில் இரண்டு தட்டுகளை வெளியிட்டார்கள். விற்பனைப் பட்டியலில் அது 171 வாரங்கள் இருந்தது.

பஸ் நிறுவனம் சும்மா இருக்குமா? "எங்கள் பெயரை எடுக்காதே" என்றது. வழக்கு வருமோ என்ற நிலை. பெயரின் வால் நறுக்கப்பட்டது. 'சிகாகோ' மட்டும் மிஞ்சியது.

இசைத் தட்டுகளுக்கும் அலங்காரப் பெயர்கள் இல்லை. பள்ளிக்கூட வகுப்புகளைப் போல எண்கள்தான். இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு என்று பெயர்கள் வளர்ந்தன. அட்டையில் பெரும்பாலும் குழுவின் பெயரே பெரிதாக இருக்கும். ஆட்களின் முகம் இருக்காது.

இரவு மணி மூன்றரை!

குழலை மேடையின் முன்னால் கொண்டுவந்தவர் பாங்கோ. ஒரு பாடகருக்கு மெட்டு எழுதுவது போலவே அவர் குழல்களுக்கும் எழுதினார். மனிதக் குரல் ஒரு வரி சொல்லும். மூன்று குழல்களும் ஒரே மூச்சில் பதில் சொல்லும். கேட்பவருக்குக் குழுவில் இன்னொரு பாடகர் இருப்பது போலத் தோன்றும்.

1970-ல் வந்த இரண்டாவது இசைத் தட்டில், சுமார் 13 நிமிடம் ஓடும் ஒரு தொடர் இசையைப் பாங்கோ அமைத்தார். அதில் ஏழு பகுதிகள். அவற்றிலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டு ரேடியோவில் வெற்றி பெற்றது.

அதே தட்டில் ராபர்ட் லாம் எழுதிய ஒரு பாட்டு உண்டு. அதன் தலைப்பு வெறும் எண்கள்! '25 ஆர் 6 டு 4' என்ற அந்தத் தலைப்பைக் கேட்டு உலகமே குழம்பியது. ரகசியக் குறியோ என்று ஆராய்ந்தவர்களும் உண்டு. லாம் சொன்ன விளக்கம் எளியது. தூக்கமில்லாமல் பாட்டு எழுத உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணி அடிக்க 25 நிமிடமோ 26 நிமிடமோ இருந்தது. அவ்வளவுதான்!

1971-ல் நியூயார்க்கின் புகழ்பெற்ற கார்னகி அரங்கில் ஒரு வாரம் கச்சேரி நடந்தது. அது நான்கு தட்டுகளாக வெளிவந்தது. ஆனால் அதில் குழல்களின் ஓசை சரியாக விழவில்லை என்று பாங்கோவே குறைப்பட்டுக்கொண்டார். ஜனங்கள் வாங்கினார்கள் என்பதற்காக அவர் தம் குறையை மறைக்கவில்லை.

1972 முதல் 1975 வரை வந்த ஐந்து தட்டுகள் வரிசையாக அமெரிக்காவில் முதல் இடம் பிடித்தன.

ஒரு துப்பாக்கி

1978 ஜனவரி 23. நண்பர் வீட்டில் இருந்த டெர்ரி காத், துப்பாக்கி ஒன்றைக் கையில் வைத்து விளையாடினார். அதில் குண்டு இல்லை என்று நினைத்தார். குண்டு இருந்தது. அந்த இடத்திலேயே உயிர் போயிற்று. இன்னும் எட்டு நாள் கழிந்திருந்தால் அவருக்கு 32 வயது.

விளையாட்டுப் பொருள் அல்ல துப்பாக்கி. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

நண்பர்கள் மனம் உடைந்தார்கள். குழுவைக் கலைத்துவிடலாமா என்று யோசித்தார்கள். அப்போது, "விடாதீர்கள், தொடருங்கள்" என்று தைரியம் சொன்னவர் டாக் செவரின்சன். அவர் டெலிவிஷன் நிகழ்ச்சி ஒன்றில் வாத்தியக் குழுவை நடத்தியவர். அவரும் ஒரு டிரம்பெட் வித்துவான்!

குழு தொடர்ந்தது. ஆனால் விற்பனை சரிந்தது. 1980-ல் வந்த 14-வது தட்டு எடுபடவில்லை. ரிக்கார்டு கம்பெனி கைகழுவிவிட்டது.

வெற்றிக்குக் கொடுத்த விலை

1982-ல் டேவிட் பாஸ்டர் என்ற இசையமைப்பாளர் வந்தார். மெல்லிய காதல் பாட்டுகளைக் கொடுத்தார். செட்டெராவின் குரல் முன்னே வந்தது. குழல்கள் பின்னே போயின. 'ஹார்ட் டு சே ஐ'ம் சாரி' என்ற பாட்டு அமெரிக்காவில் முதல் இடம் பிடித்தது.

இசைத் தட்டில் அந்தப் பாட்டின் முடிவில் குழல்கள் முழங்கும் ஒரு பகுதி உண்டு. பல ரேடியோ நிலையங்கள் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு ஒலிபரப்பின!

எந்தக் குழல்களுக்காகக் குழு பிறந்ததோ, அந்தக் குழல்களுக்கே கத்திரி! ஆனாலும் 1984-ல் வந்த 17-வது தட்டு, அமெரிக்காவில் மட்டும் 60 லட்சத்துக்கு மேல் விற்றது. குழுவின் பெரிய விற்பனை, குழல்கள் அடங்கி ஒலித்த காலத்தில்தான் நடந்தது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்த ஆண்டே செட்டெரா தனியாகப் பாடப் போய்விட்டார். 1990-ல் செரபின் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். ஆரம்ப நாள் தோழர் ஒருவரை வெளியே அனுப்பிய அந்த நிகழ்ச்சி, குழுவின் வரலாற்றில் கசப்பானது.

1993-ல் பழைய துணிவோடு ஒரு தட்டுக்குப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். கம்பெனி அதை வெளியிட மறுத்தது. 'சிசிபஸின் கல்' என்பது அதன் பெயர். சிசிபஸ் என்பவன், கிரேக்கக் கதையில், மலை உச்சிக்குப் பெரிய கல் ஒன்றை உருட்டிக்கொண்டே இருப்பவன். உச்சியை நெருங்கியதும் கல் கீழே உருண்டுவிடும். அந்தத் தட்டு வெளிவந்தது 2008-ல். 15 ஆண்டு காத்திருப்பு!

நிலைத்தது எது?

2016-ல் ராக் இசைக்கான புகழ் மண்டபத்தில் இந்தக் குழுவுக்கு இடம் கிடைத்தது. பல ஆண்டுகள் பிரிந்திருந்த செரபின் அன்று வந்தார். பழைய தோழர்களோடு டிரம் வாசித்தார். செட்டெரா வரவில்லை. காத் உயிரோடு இல்லை.

ஆனால் மூன்று குழல்காரர்களும் குழுவில் இருந்தார்கள். 1967-ல் பராசைடரின் வீட்டில் கூடிய அதே மூவர்! லாம் அவர்களோடு நான்காவது ஆள். உடல்நிலை காரணமாகப் பராசைடர் பின்னர் மேடையை விட்டு ஓய்ந்தார். அதற்குள் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன.

புகழ் பாடகரைத் தேடிப் போனது. குழல்கள் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டன. குழல்காரர்கள் நினைத்திருந்தால் குழலைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போயிருக்கலாம். போகவில்லை. தங்கள் முறை மீண்டும் வரும் என்று காத்திருந்தார்கள். வந்தது. பிற்காலக் கச்சேரிகளில் பழைய பாட்டுகளுக்குக் குழல் முழங்கியதும் ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

பிழைப்புக்காகக் காலத்தோடு கொஞ்சம் வளைந்து போகலாம். அது குற்றமல்ல. ஆனால் எதற்காகத் தொழிலைத் தொடங்கினோமோ, அந்தக் கருவியைக் கீழே போடக் கூடாது. 'சிகாகோ' குழு வளைந்தது; தவறும் செய்தது. குழலை மட்டும் கீழே போடவில்லை.

குழு பிழைத்தது அதனால்தான்.