படுக்கையில் சேர்ந்தால்தான் பணம்: காப்பீட்டு வளையத்துக்கு வெளியே நிற்கும் ரத்த நாளப் பரிசோதனைகள்

சர்க்கரை நோயாளி ஒருவரின் காலுக்கு ரத்தம் சரிவரச் செல்கிறதா என்பதை அறிய ஊசியோ கத்தியோ தேவையில்லை. கையடக்க டாப்ளர் கருவியும் ரத்த அழுத்தப் பட்டையும் இருந்தால் சில நிமிடங்களில் முதற்கட்ட விடை கிடைத்துவிடும். ஆனால், மருத்துவமனைச் சேர்க்கையை அடிப்படையாகக் கொண்ட காப்பீட்டுப் பாலிசிகள், புறநோயாளியாகச் செய்துகொள்ளும் இந்தச் சோதனைக்குப் பணம் தருவதில்லை. அதே நோயாளி, நோய் முற்றி, கால் விரலையோ காலையோ அகற்ற வேண்டிய நிலையில் மருத்துவமனையில் சேர்ந்தால், அறுவை சிகிச்சை, அறை வாடகை, மருந்து ஆகியவற்றின் செலவு பாலிசியின் வரம்புக்கு உட்பட்டு ஏற்கப்படுகிறது.

முன்கூட்டியே கண்டறிவதற்கான சிறு செலவு குடும்பத்தின் தலையிலும், காலம் கடந்த பின் வரும் பெருஞ்செலவு காப்பீட்டின் கணக்கிலும் சேர்கிறது. இந்த முரண்பாடு தற்செயலாக நேர்ந்ததன்று. எந்தச் சேவைக்கு எந்தக் குறியீடு, எந்தக் குறியீட்டுக்கு எவ்வளவு பணம் என்பதைத் தீர்மானிக்கும் விதிகளிலேயே அது பொதிந்திருக்கிறது.

சோதனை எளிது, தேவை பெரிது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் சர்க்கரை நோய் ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டு வெளியாகின. நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் சர்க்கரை நோயுடன் வாழ்வதாக அந்த ஆய்வு மதிப்பிட்டது. சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவை கால் தமனிகளில் அடைப்பு ஏற்படுவதற்கான முக்கியக் காரணிகள். நடக்கும்போது கெண்டைக்காலில் வலி எடுப்பதும், சற்று நின்றால் அது தணிவதும் இதன் வழக்கமான அறிகுறி. ஆனால், சர்க்கரை நோயால் கால் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்த வலியே தெரியாமல் போகலாம். ஆறாத புண் தோன்றிய பிறகே பலர் மருத்துவரை நாடுகின்றனர்.

முதற்கட்டச் சோதனையில், கணுக்காலில் பதிவாகும் ரத்த அழுத்தம் கையில் பதிவாகும் அழுத்தத்துடன் ஒப்பிடப்படுகிறது. இந்த விகிதம் 0.90 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் தமனி அடைப்பு இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. 1.40-க்கு மேல் சென்றால் தமனிச் சுவர்கள் இறுகிப் போயிருப்பதாகப் பொருள். சர்க்கரை நோயாளிகளிடம் இந்நிலை அதிகம் காணப்படுவதால், அவர்களுக்குக் கால் விரலில் அழுத்தம் அளக்கும் சோதனையும் தேவைப்படுகிறது. அடைப்பு எங்கே, எவ்வளவு என்பதை அறியக் கலர் டாப்ளர் ஸ்கேன் எடுக்கப்படுகிறது. கழுத்துத் தமனி அடைப்பு, காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறைதல் ஆகியவற்றையும் இதே முறையில் கண்டறியலாம்.

‘விலக்கு 04’ சொல்வது என்ன?

காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், மருத்துவக் காப்பீட்டில் எவற்றுக்கெல்லாம் பணம் தரத் தேவையில்லை என்பதை 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரே சீராக வரையறுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண் வழங்கியது. அவற்றில் நான்காவது, பரிசோதனை மற்றும் மதிப்பீடு தொடர்பானது. நோயைக் கண்டறிவதை மட்டுமே முதன்மை நோக்கமாகக் கொண்டு மருத்துவமனையில் சேர்ந்தால் அந்தச் செலவு ஏற்கப்படாது. நடப்புச் சிகிச்சையுடன் தொடர்பில்லாத பரிசோதனைச் செலவும் ஏற்கப்படாது.

இந்த விதிக்கு நியாயம் உண்டு. பரிசோதனைக்காக மட்டும் ஒருவரைத் தேவையின்றி 24 மணி நேரம் படுக்க வைத்து, அதைச் சிகிச்சையாகக் காட்டிப் பணம் கோரும் போக்கைத் தடுக்க அது தேவைப்படுகிறது. ஆனால், மறுபுறம் புறநோயாளிச் செலவையும் அடிப்படைப் பாலிசிகள் ஏற்பதில்லை. படுக்கையில் சேராமல் செய்தால் பாலிசிக்குள் வராது. சோதனைக்காகச் சேர்ந்தால் விலக்கில் சிக்கும். டாப்ளர் போன்ற சோதனைகள் இந்த இரண்டுக்கும் நடுவே விழுகின்றன.

ஒரே ஒரு வழி மட்டும் திறந்திருக்கிறது. ‘ஆரோக்ய சஞ்சீவனி’ பாலிசியில், மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 30 நாள்களிலும், வீடு திரும்பிய பிந்தைய 60 நாள்களிலும் ஆகும் தொடர்புடைய செலவுகள் ஏற்கப்படுகின்றன. அதாவது, டாப்ளர் சோதனையைத் தொடர்ந்து 30 நாள்களுக்குள் அதே நோய்க்காகச் சேர்ந்து சிகிச்சை பெற்றால் அந்தச் சோதனைக்கும் பணம் கிடைக்கும். சோதனையில் ஆரம்ப நிலை அடைப்பு தெரியவந்து, மாத்திரையாலும் நடைப்பயிற்சியாலும் காலைக் காப்பாற்றிக்கொண்டவருக்குக் கிடைக்காது.

அரசுத் திட்டங்களின் நிலை

2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை அளிக்கிறது. 70 வயதைக் கடந்த அனைவருக்கும் இத்திட்டம் 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. இதன் 2022-ஆம் ஆண்டுப் பட்டியலில் 1,949 சிகிச்சை முறைகள் தனித்தனிக் குறியீட்டுடன் இடம்பெற்றன. கால் நீக்க அறுவை சிகிச்சைக்கு அதில் இடமுண்டு. ஆனால், திட்டம் உள்நோயாளிகளுக்கானது. சேர்வதற்கு முந்தைய 3 நாள்களுக்கும், வீடு திரும்பிய பின் 15 நாள்களுக்குமான பரிசோதனை, மருந்துச் செலவுகள் மட்டுமே சிகிச்சைத் தொகையுடன் சேரும்.

மத்திய அரசு ஊழியர்கள், ஓய்வூதியர்களுக்கான மத்திய அரசு சுகாதாரத் திட்டம் இதிலிருந்து வேறுபடுகிறது. புறநோயாளிப் பரிசோதனைகளுக்கும் அதில் வரிசை எண், கட்டணம் ஆகியவை வகுக்கப்பட்டுள்ளன. மருத்துவரின் பரிந்துரை இருந்தால், பட்டியலில் உள்ள பரிசோதனை மையத்தில் சோதனை செய்துகொள்ளலாம். சுமார் 2,000 சிகிச்சை முறைகளுக்கான புதிய கட்டணங்கள் 2025 அக்டோபர் 13 முதல் நடைமுறைக்கு வந்தன. புறநோயாளிச் சோதனைக்குக் குறியீடும் கட்டணமும் வகுத்து, பரிந்துரையின் அடிப்படையில் பணம் வழங்குவது இந்தியாவில் இயலாத செயலன்று என்பதற்கு இத்திட்டமே சான்று.

அமெரிக்காவின் ஐந்திலக்க எண்கள்

குறியீட்டு முறையை மிக விரிவாக வளர்த்தெடுத்த நாடு அமெரிக்கா. அந்நாட்டு மருத்துவச் சங்கம் 1966-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் சிபிடி பட்டியலில் ஒவ்வொரு சேவைக்கும் ஐந்திலக்க எண் உண்டு. கால் தமனிகளின் அழுத்தத்தையும் அலைவடிவத்தையும் ஓரிரு நிலைகளில் அளந்தால் 93922. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நிலைகளில் அளந்தால் 93923. இரு கால் தமனிகளையும் முழுமையாக டாப்ளர் ஸ்கேன் செய்தால் 93925. ஒரு காலை மட்டும் செய்தால் 93926. சிரைகளுக்கு 93970, 93971. கழுத்துத் தமனிகளுக்கு 93880, 93882. கருவியை இயக்கியதற்கான தொகையும் மருத்துவர் அறிக்கை எழுதியதற்கான தொகையும் தனித்தனியாகப் பிரிக்கப்படுகின்றன.

எண் மட்டும் எழுதினால் பணம் வந்துவிடாது. சோதனை ஏன் தேவைப்பட்டது என்பதைக் காட்டும் நோய்க் குறியீடும் உடன் இருக்க வேண்டும். முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, அறிகுறி ஏதுமின்றிப் பொதுவாகச் செய்யப்படும் கால் தமனிச் சோதனைக்குப் பணம் தருவதில்லை. கையடக்கக் கருவியால் அழுத்தத்தை மட்டும் அளந்து, அலைவடிவத்தைப் பதிவு செய்யாவிட்டால், அது சாதாரண உடல் பரிசோதனையின் ஒரு பகுதியாகவே கருதப்படும். தனிக் கட்டணம் கோர முடியாது. மிக எளிய சோதனைக்குத் தனித் தொகை இல்லாததால், அதைச் செய்யும் ஊக்கம் பொது மருத்துவர்களுக்குக் குறைகிறது என்ற விமர்சனம் அங்கும் உண்டு.

இந்த எண்களைப் பதிவு செய்யும் பணியில் பெரும் பங்கு வகிப்பவர்கள் இந்தியர்கள். சென்னை, ஹைதராபாத், பெங்களூரு உள்ளிட்ட நகரங்களில் மெடிக்கல் கோடிங் பணியில் உள்ள இளைஞர்கள், அமெரிக்க நோயாளியின் இடது காலா, வலது காலா என்பது வரை சரிபார்த்துக் குறியீடு இடுகின்றனர். அவர்களின் வீட்டுப் பெரியவருக்கு இங்கே டாப்ளர் எடுத்தால், பில்லில் பெரும்பாலும் ஒற்றை வரியில் சோதனையின் பெயரும் தொகையும் மட்டுமே இருக்கும்.

தரநிலை உண்டு, கட்டாயம் இல்லை

இந்தியாவில் தரநிலைகளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மின்னணு மருத்துவப் பதிவேடுகளுக்காக மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட தரநிலைகள், சர்வதேசக் குறியீட்டு முறைகளைப் பரிந்துரைத்தன. மருத்துவமனை நிரப்பும் காப்பீட்டுக் கோரிக்கைப் படிவத்திலும் நோய்க்கும் சிகிச்சை முறைக்கும் குறியீடு எழுத இடம் உண்டு. ஆனால், அந்தப் படிவம் உள்நோயாளிக்கானது. தெருமுனைப் பரிசோதனை மையத்தின் பில்லை அது எட்டுவதில்லை.

ஒரே சோதனைக்கு மையத்துக்கு மையம் கட்டணம் மாறுவதற்கும் இதில் தொடர்பு உண்டு. இரு மையங்களின் பில்லில் உள்ள ‘டாப்ளர்’ என்ற சொல் ஒரு காலைக் குறிக்கிறதா, இரு கால்களையா, தமனியையா, சிரையையா என்பது தெரியாமல் விலையை ஒப்பிட இயலாது. மருத்துவ நிறுவனங்கள் தொடர்பான 2012-ஆம் ஆண்டின் மத்திய விதிகள், மாநிலங்களுடன் கலந்து மத்திய அரசு நிர்ணயிக்கும் கட்டண வரம்புக்குள் வசூலிக்க வேண்டும் எனக் கூறுகின்றன. அந்த வரம்பு நிர்ணயிக்கப்படாததை எதிர்த்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் கடும் அதிருப்தி தெரிவித்தது. தீர்வு காணாவிட்டால் மத்திய அரசு சுகாதாரத் திட்டக் கட்டணங்களை இடைக்கால ஏற்பாடாக நடைமுறைப்படுத்துவது குறித்துப் பரிசீலிக்க நேரிடும் என்றும் எச்சரித்தது.

எதிர்வாதமும் வலுவானதே

புறநோயாளிச் சோதனைகளைக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தால் சிறுசிறு கோரிக்கைகள் குவியும், சரிபார்க்கும் செலவு கூடும், இறுதியில் அனைவருக்கும் பிரீமியம் உயரும் என்பது காப்பீட்டுத் துறையின் கவலை. பணம் கிடைக்கும் என்று தெரிந்தால் தேவையற்ற ஸ்கேன்களும் பெருகலாம். அமெரிக்காவின் கடுமையான ‘மருத்துவத் தேவை’ விதிகள் இந்த அச்சத்திலிருந்து பிறந்தவையே.

எனவே, எல்லோருக்கும் எல்லாச் சோதனையும் என்பது தீர்வாகாது. நீண்ட காலச் சர்க்கரை நோய், ஆறாத புண், நடக்கும்போது வலி எனத் தெளிவான காரணம் உள்ளவர்களுக்கு மட்டும், நோய்க் குறியீட்டுடன் இணைத்துப் பணம் வழங்கும் வரையறுக்கப்பட்ட முறை சாத்தியமானது. 30 வயதைக் கடந்தவர்களுக்கு அரசு சுகாதார மையங்களில் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், மூவகைப் புற்றுநோய் ஆகியவற்றுக்கான பரிசோதனை ஏற்கெனவே நடைபெறுகிறது. சர்க்கரை நோய் உறுதியானவர்களுக்குக் கணுக்கால் அழுத்த அளவீட்டை அதனுடன் சேர்ப்பது மற்றொரு வழி.

பாலிசிதாரர்கள் கவனிக்க வேண்டியவை

விதிகள் மாறும் வரை, இருக்கும் உரிமைகளைத் தவறவிடாமல் இருப்பது முக்கியம். மருத்துவரின் பரிந்துரைச் சீட்டில் அறிகுறியும் சந்தேகிக்கப்படும் நோயும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பில்லில் எந்தக் கால், தமனியா சிரையா என்ற விவரம் இருக்க வேண்டும். சேர்க்கைக்கு முந்தைய 30 நாள் சலுகையைக் கோர இவை உதவும். சுருள்சிரை நோய்க்கு ஆரோக்ய சஞ்சீவனியில் 2 ஆண்டு காத்திருப்புக் காலம் உள்ளதைப் பாலிசி எடுக்கும்போதே அறிந்திருக்க வேண்டும். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடமும், தீர்வு கிடைக்காவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம். பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள், நோய்த் தடுப்புப் பரிசோதனைக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை 80டி பிரிவின் ஒட்டுமொத்த வரம்புக்குள் விலக்குப் பெற முடியும்.

2021-22 தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தங்கள் கையிலிருந்தே செலுத்துகின்றனர். 2013-14-இல் இது 64.2 சதவீதமாக இருந்தது. இந்தச் சரிவு தொடர வேண்டுமானால், படுக்கைக்கு வெளியே நடக்கும் மருத்துவமும் கணக்கில் ஏற வேண்டும். காப்பீட்டுக் கோரிக்கைகளை ஒரே மின்னணு வடிவில் பரிமாறிக்கொள்ளத் தேசிய சுகாதாரக் கோரிக்கைப் பரிமாற்றத் தளம் உருவாக்கப்பட்டுள்ளது. கால் நீக்க அறுவை சிகிச்சைக்கு அத்தளத்தில் உள்ள இடம், அதைத் தவிர்க்க உதவும் சோதனைக்கும் கிடைக்குமா என்பதே ஒழுங்குமுறை ஆணையத்தின் முன்னும் சுகாதார அமைச்சகத்தின் முன்னும் உள்ள கேள்வி.