விண்வெளிச் சோதனைக்கூடத்தின் கதவு கம்பம் பள்ளத்தாக்குக்கும் திறக்கட்டும்

டிட்கோ (தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம்) மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள கூடலூரில் லேத் பட்டறை நடத்துகிறேன். கிணற்று மோட்டார் ஷாஃப்ட் கடைவதும், திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் பம்புகளுக்கு புஷ் போடுவதும்தான் அன்றாட வேலை. விண்வெளித் தொழிலுக்காகத் தென்மாவட்டங்களில் அமைய வேண்டிய பொதுச் சோதனைக்கூடங்கள் பற்றி உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடல்.

தமிழ்நாடு விண்வெளித் தொழில் கொள்கைக்கு 2025 ஏப்ரலில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஐந்தாண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீடு, 10,000 பேருக்கு வேலை என்பது இலக்கு. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியாகிவிட்டது. அதையொட்டித் தொழிற்பூங்கா அமைக்க நீங்களும், விண்வெளியில் தனியாரை ஊக்குவிக்கும் மத்திய அமைப்பான இன்-ஸ்பேஸும் கைகோத்திருக்கிறீர்கள். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் எஞ்சின் சோதனை நிலையம் பல ஆண்டுகளாக இயங்குகிறது. தெற்குக்கு இது நல்ல காலம். அதில் சிறிய பட்டறைக்காரனுக்கும் எங்கள் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

சில காலத்துக்கு முன் பொறியியல் மாணவர்கள் சிலர் ஒரு வரைபடத்தோடு என் பட்டறைக்கு வந்தார்கள். க்யூப்சாட் எனும் சிறு செயற்கைக்கோளின் கூடு. பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் உள்ள அலுமினியப் பெட்டி, அவ்வளவுதான். ஆனால் நான்கு மூலைத் தண்டவாளங்களும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகக் கூடாது. சுற்றுப்பாதையில் விடும்போது ராக்கெட்டில் உள்ள இன்னொரு பெட்டிக்குள்ளிருந்து அது வழுக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். சிக்கினால் எல்லாம் வீண். கடைந்து கொடுத்தோம். வெர்னியரிலும் மைக்ரோமீட்டரிலும் அளவு சரியாகவே காட்டியது. நாற்புறமும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் நிற்கிறது என்று சான்று தர முப்பரிமாண அளவீட்டு எந்திரம் வேண்டும். அது எங்கள் ஊர்ப்பக்கம் இல்லை. அடுத்தது அதிர்வுச் சோதனை. அதற்கு நாள் ஒதுக்கக் கேட்ட இடத்தில், கட்டணம் எவ்வளவு என்றுகூட நேரடியாகச் சொல்ல ஆள் இல்லை. பிள்ளைகள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். அந்தக் கூடு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

பொது வசதி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அக்னிகுல் கண்முன் சாட்சி. சென்னை ஐஐடியில் முளைத்த அந்த நிறுவனம் 2020-இல் விண்வெளித் துறையோடு உடன்படிக்கை செய்தது. 2022 நவம்பரில் தன் எஞ்சினை இஸ்ரோவின் தும்பா சோதனை மேடையிலேயே எரியவிட்டுப் பார்த்தது. 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தான் அமைத்த ஏவுதளத்திலிருந்து அக்னிபான் ராக்கெட்டைப் பறக்கவிட்டது. சொந்த மேடை கட்டிய பிறகுதான் சோதனை என்று காத்திருந்தால் இத்தனை வேகம் கூடியிருக்குமா?

வானத்திலேயே பொது இடம் வந்துவிட்டது. பிஎஸ்எல்வியின் நான்காம் கட்டம் வேலை முடிந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும்படி செய்து, பலருடைய கருவிகளை அதில் ஏற்றிப் பார்க்கிறது இஸ்ரோ. 2024 டிசம்பர் 30 அன்று சென்ற போயம்-4 மேடையில் 24 கருவிகள் இருந்தன. அவற்றில் 10 இஸ்ரோவுக்கு வெளியிலிருந்து வந்தவை. அதே மேடையில்தான் எங்கள் மானாவாரிக் காட்டில் விளையும் தட்டைப்பயறு நான்கு நாளில் முளைவிட்டது. மேலே இடம் இருக்கிறது. அங்கே போகும் தகுதியைத் தரையில் நிரூபிக்கத்தான் வழி தூரமாக இருக்கிறது. அகமதாபாத் போப்பலில் இன்-ஸ்பேஸ் தொழில்நுட்ப மையம் அதிர்வு மேசையும் வெப்ப-வெற்றிடக் கலனும் வைத்திருக்கிறது. நல்ல மையம்தான். ஆனால் எங்களுக்கு மதுரையே நூறு கிலோமீட்டருக்கு மேல்.

சொந்தக் களம் இல்லாத விவசாயி ஊர்ப் பொதுக்களத்தில் நெல்லைக் காயவைக்கிறார் அல்லவா, சோதனைக்கூடமும் அப்படி இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு என்ன கட்டணம், எந்தெந்த நாள் காலி என்பதை எவரும் பார்க்கும்படி தமிழிலும் வெளியிடுங்கள். பெரிய நிறுவனங்கள் மாதம் முழுக்கப் பிடித்துக்கொள்ளாதபடி சில நாட்களைச் சிறு பட்டறைக்கும் மாணவர்களுக்கும் ஒதுக்குங்கள்.

எந்திரத்தைவிட முக்கியம், அதை ஓட்டத் தெரிந்து சொல்லித்தரும் ஆள். அதிர்வுச் சோதனையில் முதலில் பொருளை மெல்ல ஆட்டி, எந்த அதிர்வெண்ணில் அது கூடுதலாகத் துடிக்கிறது என்று வரைபடம் எடுப்பார்கள். பிறகு ராக்கெட்டில் படும் அளவுக்குப் பலமாக ஆட்டுவார்கள். மறுபடி மெல்ல ஆட்டி இன்னொரு வரைபடம். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படியவில்லை என்றால் உள்ளே ஏதோ திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது எங்கோ விரிசல். எந்தத் திருகு என்று பக்கத்தில் நின்று காட்ட ஒருவர் இருந்தால், பொருள் தேறாவிட்டாலும் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டு திரும்புவான். வெறும் ‘தேறவில்லை’ தாளோடு அனுப்பினால் அவன் மறுபடி வரமாட்டான். மேசையில் பொருளைப் பூட்டும் தகட்டை நாங்களே செய்துவிடுவோம். துளைகளின் அளவை மட்டும் முன்கூட்டியே கொடுங்கள்.

பணத்துக்கும் முன்மாதிரி இருக்கிறது. பாதுகாப்புத் துறையின் சோதனைக் கட்டமைப்புத் திட்டத்தில் மத்திய அரசு 75 சதவீதம் வரை மானியம் என்று வகுத்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் ட்ரோன் சோதனை மையத்துக்கு அந்த வழியில்தான் ஏற்பாடானது. விண்வெளிக்கும் அப்படியொரு கூட்டு முயற்சியை நீங்கள் தொடங்கலாம்.

எங்கள் மாவட்டத்தில் ஆய்வகம் என்றாலே பொட்டிப்புரம் ஞாபகம் வரும். அங்கே அமைக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அது இன்றுவரை எழும்பவில்லை. மலையைக் குடைந்தால் தண்ணீருக்கும் காட்டுக்கும் என்ன ஆகும் என்ற மக்களின் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். திட்டம் முடிவாகும் முன்பே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சோதனைக்கூடத்துக்கு மலையைக் குடைய வேண்டாம், விளைநிலமும் வேண்டாம். தூசி புகாத சில அறைகளும் தடைபடாத மின்சாரமும் போதும். இருந்தாலும் அதை முதலிலேயே மக்களிடம் சொல்லிவிடுங்கள்.

முழுக்கூடமும் எங்களுக்கே வேண்டும் என்று கேட்கவில்லை. பெரிய கலன்கள் குலசேகரன்பட்டினத்தில் இருக்கட்டும். போடி அரசு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஒரு அளவீட்டு எந்திரம், சிறிய அதிர்வு மேசை, ஒரு சுத்த அறை, இரண்டு தொழில்நுட்பர்கள்: இவ்வளவு இருந்தால் பள்ளத்தாக்கின் பட்டறைகளும் மாணவர்களும் தொடங்கிவிடுவோம். திட்ட அறிக்கை எழுதுமுன் தேனியில் ஒரு நாள் கூட்டம் போடுங்கள். அலமாரியில் இருக்கும் அந்தக் கூட்டோடு நான் வருகிறேன். அதை உங்கள் பொறியாளர்கள் முதலில் அளந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
கூடலூர் லேத் பட்டறைக்காரர் ஒருவர்